மாப்பிள்ளைக்குத் தைத்த உறை

கல்யாண் சிறை
12 ஜனவரி 2024

அன்புள்ள மச்சானுக்கு,

மாரீஸ்வரன் வணக்கம் சொல்லி எழுதுவது. நலம் என்று எழுதினால் நீங்கள் சிரிப்பீர்கள். உயிரோடு இருக்கிறேன், சோறு இறங்குகிறது. நீங்களும் கனகவள்ளி அக்காவும் எப்படி இருக்கிறீர்கள்? உங்கள் சர்க்கரை இறங்கியதா?

வாரத்துக்கு ஒரு தடவை போன் பேச விடுகிறார்கள். அது கீதாவுக்கே பத்தவில்லை. அதனால்தான் கடிதம். தமிழ் எழுதிப் பத்து வருஷம் இருக்கும், பிழை பார்க்காதீர்கள். இங்கே போகிற கடிதம், வருகிற கடிதம் எல்லாவற்றையும் படித்துவிட்டுத்தான் விடுவார்கள். தமிழ் படிக்கத் தெரிந்த போலீஸ்காரர் ஒரே ஒருத்தர். அவருக்கு ஓய்வு கிடைக்கிற அன்றுதான் நம் கடிதத்துக்கு விடிவு. தாமதமானால் அவரைத் திட்டி எழுதிவிடாதீர்கள், அதையும் அவர்தான் படிப்பார்.

நடந்ததை நீங்கள் பேப்பரில் பார்த்திருப்பீர்கள். என் வாயால் ஒருமுறை சொல்ல வேண்டும். டிசம்பர் பதினெட்டு சாயங்காலம் தாதரிலிருந்து நகைப் பையோடு சேட்டின் கல்யாண் கடைக்கு வந்தோம். வண்டி ஓட்டினது நாகராஜ், துப்பாக்கியோடு காவலுக்கு நான். டிராஃபிக்கில் இரண்டரை மணி நேரம் உட்கார்ந்தபடியே வந்தோம். கடை வாசலில் கதவைத் திறக்கும்போதே பைக்கில் இரண்டு பேர் வந்துவிட்டான்கள், ஒருவன் கையில் அரிவாள். நாகராஜ் பையை விடவில்லை. நான் உறையிலிருந்து துப்பாக்கியை உருவினேன். மேகசின் கழன்று என் காலடியில் விழுந்தது. எட்டுக் குண்டும் அதில்தான். என் கையில் இருந்தது வெறும் இரும்பு. குனிந்து எடுப்பதற்குள் நாகராஜ் சாய்ந்துவிட்டான். அவன் ரத்தம் என் செருப்பில் ஏறியது, மச்சான்.

கைப்பிடியின் இடப்பக்கம் இருக்கும் பட்டனை அமுக்கினால்தான் மேகசின் வெளியே வரும். ஆகவே நானே முன்கூட்டி அமுக்கி வைத்தேன், அந்தக் கொள்ளைக் கூட்டத்தோடு எனக்குப் பேச்சு இருந்தது என்கிறது போலீஸ். சிசிடிவியில் மேகசின் விழுவது தெளிவாகத் தெரிகிறதாம். காலையில் நான் அதைச் சரியாகப் போட்டேன். இதை நம்புகிற ஒரு ஆளாவது வெளியே இருக்க வேண்டும்.

கீதா கோவண்டியிலிருந்து குர்லாவில் ரயில் மாறி வாராவாரம் முலாகாத்துக்கு வந்து கம்பிக்கு அந்தப்பக்கம் நின்று அழுகிறாள். மாதம் ஒரு தடவை வந்தால் போதும் என்று அண்ணனாக நீங்கள் சொல்லுங்கள்.

இப்படிக்கு
உங்கள் மாப்பிள்ளை மாரீஸ்வரன்


தாராவி
29 ஜனவரி 2024

அன்பு மாப்பிள்ளை அவர்களுக்கு,

நயினார் எழுதிக்கொண்டது. இங்கே எல்லோரும் சுகம், உங்கள் சுகத்துக்கு வேண்டிக்கொண்டிருக்கிறோம். சர்க்கரை இருநூற்று நாற்பதில் நிற்கிறது. டாக்டர் நடக்கச் சொல்கிறார். தாராவியில் எங்கே நடக்க? நாலு எட்டு வைத்தால் ஒரு ஸ்கூட்டர் காலில் ஏறுகிறது.

உங்கள் கடிதத்தைக் கனகவள்ளிக்குப் படித்துக் காட்டினேன். பாதியிலேயே அவள் எழுந்து அடுப்படிக்குப் போய்விட்டாள். நேரம் சரியில்லை என்றால் ஒட்டகத்தின் மேல் ஏறி உட்கார்ந்தாலும் நாய் கடிக்கும் என்பார்கள். உங்களுக்கு இப்போது அந்த நேரம். பொறுத்தார் பூமி ஆள்வார், மனதைத் தளரவிடாதீர்கள். உப்பைத் தின்றவன் தண்ணீர் குடித்தே தீருவான். அந்தப் படுபாவிகள் பிடிபட்டால் உண்மை தானாக வெளியே வரும்.

கீதாவிடம் சொன்னேன். "என் புருஷன நான் பாக்கப் போவேன், நீ யாரு கேக்க?" என்று ஏசிவிட்டாள். சனிக்கிழமை தோறும் இங்கே வந்து சாப்பிட்டுப் போகிறாள். அவளைப் பற்றிக் கவலை வேண்டாம், நான் இருக்கிறேன்.

தோல் பட்டறையில் வேலை அதிகம். பெல்ட், பை, உறை என்று எல்லாம் ஒரே நேரத்தில் கேட்கிறார்கள். கண் எரிகிறது.

போலீஸ் துப்பாக்கியை மட்டும் எடுத்துக்கொண்டார்களா, உறையையும் சேர்த்து எடுத்தார்களா? சும்மாதான் கேட்டேன்.

அன்புடன்
நயினார்


கல்யாண் சிறை
11 பிப்ரவரி 2024

அன்புள்ள மச்சானுக்கு,

வணக்கம். நம் போலீஸ்காரர் உங்கள் கடிதத்தைக் கொடுக்கும்போது, "உங்க மச்சானுக்கு இருநூத்தி நாப்பதா? வெந்தயம் ஊறவச்சுக் குடிக்கச் சொல்லு" என்றார். சொல்லிவிட்டேன். இங்கே எனக்குத் தலைவலி, முதுகுவலி, வேறொன்றும் இல்லை. அக்காவைக் கேட்டதாகச் சொல்லுங்கள்.

உறையையும் எடுத்துக்கொண்டார்கள். பையில் போட்டு சீல் வைத்துவிட்டார்கள்.

இங்கே நேரம்தான் நிறைய இருக்கிறது. அந்தக் காலையை நூறு தடவை ஓட்டிப் பார்த்துவிட்டேன். ஏழு மணிக்குச் சேட் வீட்டில் துப்பாக்கியை வாங்குவேன். மேகசினைக் கழற்றி, ஸ்லைடை இழுத்து, உள்ளே குண்டு தங்கவில்லை என்று கண்ணால் பார்த்து, சுண்டுவிரலை விட்டும் பார்ப்பேன். மேகசின் கழன்றாலே துப்பாக்கி காலி என்று நினைத்து எத்தனையோ பேர் தொடையில் சுட்டுக்கொண்டிருக்கிறான்கள். பிறகு மேகசினை உள்ளங்கையால் தட்டி ஏற்றுவேன். 'கடக்' என்று கேட்க வேண்டும். கேட்டாலும் நம்பமாட்டேன், அடியைப் பிடித்து ஒரு இழுப்பு இழுத்துப் பார்த்துவிட்டுத்தான் உறைக்குள் வைப்பேன். நாகராஜ் கேலி பண்ணுவான்: "தாலி கட்டுன அன்னைக்குக்கூட முடிச்ச இப்பிடி இழுத்துப் பாத்திருக்க மாட்டீரு வே." அன்றைக்கும் அதையேதான் சொன்னான். அதனால்தான் நான் இழுத்துப் பார்த்தேன் என்று எனக்கு நிச்சயமாகத் தெரியும்.

மச்சான், ஒரு உதவி. நவம்பர் கடைசியில் உங்களுக்குப் போன் பண்ணினேனே, சாயங்காலம் பார்த்தால் மேகசின் அரை விரல் இறங்கி நிற்கிறது, இரண்டு தடவை ஆகிவிட்டது என்று? ஸ்பிரிங் தளர்ந்திருக்கும், சேட்டிடம் சொல்லி ரிப்பேருக்குக் கொடுங்கள் என்றீர்கள். சேட்டிடம் சொன்னேன், இப்போது அவர் அதை மறந்துவிட்டார். நீங்கள் தாதரில் என் வக்கீலைப் பார்த்து இந்த ஒன்றை மட்டும் சொன்னால் போதும். திருட்டுக்குக் கூட்டுச் சேர்ந்தவன் ஒரு மாதம் முன்னாலேயே குறை சொல்லிக்கொண்டு இருப்பானா? வக்கீல் அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொள்வார்.

இப்படிக்கு
மாரீஸ்வரன்


தாராவி
24 மார்ச் 2024

அன்பு மாப்பிள்ளை அவர்களுக்கு,

நயினார் எழுதுவது. தாமதத்துக்கு மன்னிக்கவும். காலில் ஒரு கொப்புளம் வந்து புண்ணாகிப் படுத்துவிட்டேன். சர்க்கரைக்காரன் கால் சமாச்சாரம், கேட்க வேண்டுமா? வெந்தயம் குடிக்கிறேன், போலீஸ்காரருக்கு நன்றி சொல்லுங்கள். மார்ச், கணக்கு வருஷக் கடைசி என்று ஆர்டர்காரர்கள் வேறு உயிரை எடுக்கிறார்கள். கனகவள்ளிக்கு மூட்டுவலி.

நீங்கள் போன் பண்ணினது பற்றிக் கேட்டிருந்தீர்கள். போன் வந்தது உண்மை. என்ன பேசினோம் என்பது எனக்குச் சரியாக ஞாபகம் இல்லை. பட்டறையில் மெஷின் ஓடுகிற சத்தத்தில் பாதி காதில் விழாது, உங்களுக்கே தெரியும். ஞாபகம் இல்லாததைக் கோர்ட்டில் போய்ச் சொல்லி, அவர்கள் குறுக்கே கேள்வி கேட்டு நான் உளறினால், உங்களுக்குத்தான் கெடுதல். வேலியில் போகிற ஓணானை எடுத்து வேட்டிக்குள் விட்டுக்கொண்ட கதையாகிவிடும்.

இந்த மாதிரி விஷயங்களைக் கடிதத்தில் எழுதாமல் இருப்பது நல்லது. நாலு பேர் படிக்கிறது.

கீதா கொஞ்சம் இளைத்திருக்கிறாள். ஆனால் சாப்பிடுகிறாள்.

அன்புடன்
நயினார்


கல்யாண் சிறை
3 ஏப்ரல் 2024

மச்சானுக்கு,

வணக்கம். கால் புண் ஆறியதா? வெறுங்காலோடு பட்டறையில் நிற்காதீர்கள்.

ஞாபகம் இல்லை என்றால் இல்லைதான். மனுஷனுக்கு மறக்கும். உங்கள் கடிதம் வந்த ராத்திரி எனக்குச் சோறு இறங்கவில்லை. அதை ஏன் மறைக்க வேண்டும்?

வேறொரு விஷயம். முதுகுவலிக்கு இங்கே டாக்டரிடம் போனேன். சட்டையைத் தூக்கச் சொன்னவர் வலது இடுப்பைப் பார்த்து, "ஏ க்யா ஹை?" என்றார். எட்டணாக் காசு அளவில் கறுப்பாக, வட்டமாக ஒரு தழும்பு. எனக்கே அப்போதுதான் தெரியும். மூன்று மாதமாக உறை கட்டவில்லை, இன்னும் போகவில்லை.

யோசித்துப் பார்த்தேன். உறையில் துப்பாக்கியை மேலே இழுத்துப் பிடிக்கிற பட்டி இருக்கிறதே, அது உள்பக்கத்தில் ரிவிட் ஆணி அடித்துத்தான் நிற்கிறது. ரிவிட்டின் ஒரு முகம் என் இடுப்பில் அழுந்தியிருக்கிறது. அப்படியானால் அதன் மறுமுகம் துப்பாக்கியின் இடப்பக்கத்தில் அல்லவா அழுந்தியிருக்கும்? மேகசின் பட்டனும் அந்தப் பக்கம்தான். இரண்டரை மணி நேரம் காரில் பெல்ட் போட்டு உட்கார்ந்தால் உடம்பே அதை அமுக்கிக்கொண்டிருக்குமோ?

உங்கள் வேலையைக் குறை சொல்வதாக நினைக்க வேண்டாம். "மாப்பிள்ளைக்கு என் கையால" என்று நீங்கள் அதைக் கொடுத்த அன்று நான் எவ்வளவு பெருமையாகக் கட்டிக்கொண்டேன் என்று கீதாவைக் கேளுங்கள். உறை சீலுக்குள் கிடக்கிறது. ஆனால் அதன் அச்சும், நீங்கள் வடிவம் எடுக்கிற மரத்துப்பாக்கியும் உங்களிடம் இருக்கின்றன. வைத்துப் பார்த்துவிட்டு எழுதுங்கள். ரிவிட் பட்டன்மேல் வருகிறதா, இல்லையா? எனக்குத் தெரிந்தாக வேண்டும்.

மாரீஸ்வரன்


தாராவி
16 ஏப்ரல் 2024

அன்பு மாப்பிள்ளை அவர்களுக்கு,

சித்திரைப் பிறப்பு வாழ்த்துகள். இந்த வருஷமாவது நல்லது நடக்கட்டும். கீதா வந்திருந்தாள், பாயசம் வைத்தோம், யாருக்கும் குடிக்க மனம் இல்லை. கால் பரவாயில்லை.

நீங்கள் சொன்னபடி மரத்துப்பாக்கியை வைத்துப் பார்த்தேன். ரிவிட் எதன்மேலும் படவில்லை.

வெயில் அதிகம். தண்ணீர் நிறையக் குடியுங்கள்.

அன்புடன்
நயினார்


கல்யாண் சிறை
8 மே 2024

அன்புள்ள மச்சானுக்கு,

வணக்கம். நலம்தானே? உங்கள் கடிதத்தை நாலு தடவை படித்தேன். முதலில் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். உள்ளே கிடக்கிறவனுக்குப் புத்தி எங்கெங்கோ போகும். பெண் கொடுத்தவர் மேலேயே சந்தேகப்பட்டேன் பாருங்கள்.

படவில்லை என்று நீங்கள் பார்த்துச் சொன்ன பிறகு மிச்சம் இருப்பது ஒரே ஒரு கைதான், என் கை. இழுத்துப் பார்த்ததாக நான் நினைப்பது வேறொரு நாளாக இருக்கலாம். தினமும் செய்கிற காரியம், ஒரு நாள் இன்னொரு நாளோடு கலந்துவிடும். நாகராஜ் அன்றைக்குக் கேலி பண்ணினானா, முந்தின நாளா? இப்போது அதுவும் குழம்புகிறது. முன்னே இதெல்லாம் எனக்குக் கண்ணாடி மாதிரி இருந்தது. என் ஞாபகத்தைவிட உங்கள் கண்ணை நம்புகிறேன், முப்பது வருஷம் தோலில் தேய்ந்த கண்.

வக்கீல் ஒரு வழி சொல்கிறார். மேகசினைச் சரியாகப் போடாமல் அஜாக்கிரதையாக இருந்தேன் என்று நான் எழுதிக் கொடுத்தால், இவன்மேல் எனக்குச் சந்தேகம் இல்லை என்று சேட்டும் எழுதிக் கொடுப்பாராம். ஜாமீன் கிடைத்துவிடுமாம். இத்தனை நாள் முடியாது என்று நின்றேன். செம்பூரில் இருந்து நாகராஜின் மனைவி அகிலாண்டம் கோர்ட்டுக்கு வருவாள். என் அஜாக்கிரதையால்தான் உன் புருஷன் செத்தான் என்று அவள் காதுபட எப்படிச் சொல்வது? ஆனால் அதுதான் நிஜம் என்றால் சொல்லித்தானே ஆக வேண்டும்?

ஜூன் பதினாலு தேதி கொடுத்திருக்கிறார்கள். அன்றைக்குக் கையெழுத்துப் போடலாம் என்றிருக்கிறேன்.

இப்படிக்கு
மாரீஸ்வரன்


தாராவி
29 மே 2024

மாப்பிள்ளை,

கையெழுத்துப் போடாதீர்கள்.

அந்த மரத்துப்பாக்கியில் பட்டனே கிடையாது. பட்டறையில் நிஜத் துப்பாக்கி வைத்துக்கொள்ளச் சட்டத்தில் இடம் இல்லை. பத்து வருஷம் முன்னால் ஒரு தச்சர் செதுக்கிக் கொடுத்த கட்டையைத்தான் ஈரத்தோலுக்குள் வைத்து அமுக்கி வடிவம் எடுக்கிறோம். குழல் சரி, கைப்பிடி சரி. பட்டன் இருக்க வேண்டிய இடம் வழவழவென்று இருக்கும். எதன்மேலும் படவில்லை என்று எழுதினேனே, அது பொய் இல்லை. பொய்யைவிடக் கேவலம்.

முன்பெல்லாம் அந்தப் பட்டியைக் கையால் தைப்போம். ஒரு உறைக்கு அரை மணி நேரம் ஆகும். செக்யூரிட்டி ஏஜென்சிக்குத் தீபாவளிக்குள் இருநூறு உறை கொடுக்க வேண்டியிருந்தது. தையலை விட்டுவிட்டு ரிவிட் அடித்தேன். ஒரு நிமிஷ வேலை. முதல் உருப்படியை ஆசையாக உங்களுக்குக் கொடுத்தேன்.

நவம்பரில் ஏஜென்சிக் காவலாளி ஒருவன் தன் துப்பாக்கியோடு வந்து, இடுப்பில் கட்டியபடியே நாற்காலியில் உட்கார்ந்து காட்டினான். மேகசின் இறங்கியது. என் கண்ணால் பார்த்தேன். அவனுக்கு வேறொன்று கொடுத்து அனுப்பினேன். அதற்குப் பிறகு செய்ததில் எல்லாம் ரிவிட்டை இரண்டு விரல் கீழே தள்ளிவிட்டேன். பழையதைப் பற்றி யாரிடமும் மூச்சு விடவில்லை. சொன்னால் இருநூறும் திரும்பி வந்து என் தலையில் விழும். அவன் வந்து ஒரு வாரம் கழித்து நீங்கள் போன் பண்ணினீர்கள். மெஷின் ஓடவில்லை. நீங்கள் சொன்ன ஒவ்வொரு வார்த்தையும் கேட்டது. பொங்கலுக்கு வரும்போது பேசாமல் உறையை மாற்றிக் கொடுத்துவிடலாம், மாப்பிள்ளை முன்னால் தலைகுனிய வேண்டாம் என்று நினைத்தேன். ஸ்பிரிங் என்று வாயில் வந்தது. அதற்குள் டிசம்பர் வந்துவிட்டது.

கீதா சனிக்கிழமை வந்து என் தட்டில் சோறு போடுகிறாள். "அண்ணன் இல்லன்னா நான் என்ன ஆயிருப்பேன்" என்கிறாள். மூன்று தடவை வக்கீலைப் பார்க்கச் சட்டை மாட்டினேன். மூன்று தடவையும் படி இறங்காமல் கழற்றிப் போட்டேன்.

போகிறேன், மாப்பிள்ளை. பழைய அச்சு, மரத்துப்பாக்கி, கைவசம் இருக்கிற இரண்டு பழைய உறை, எல்லாவற்றையும் வக்கீலிடம் வைக்கிறேன். நீங்கள் ஒரு வார்த்தை எழுதுங்கள். எழுதினால் மறுநாளே போய்விடுகிறேன்.

நயினார்


கோவண்டி
5 ஜூலை 2024

நயினார் அவர்களுக்கு,

வணக்கம். நான் வெளியே வந்துவிட்டேன். உங்கள் உடம்பு எப்படி இருக்கிறது?

உங்கள் கடிதம் ஜூன் இருபத்துநாலாம் தேதிதான் என் கைக்கு வந்தது. தமிழ் படிக்கிற போலீஸ்காரரைத் தேர்தல் வேலைக்கு அனுப்பியிருந்தார்கள், அங்கிருந்து அப்படியே லீவில் ஊருக்குப் போய்விட்டார். நான் ஜாமீனில் கிளம்பிய அன்றுதான் திரும்பி வந்தவர், கேட்டில் வைத்துக் கொடுத்தார். அவர்தானே முதலில் படித்திருப்பார். கொடுக்கும்போது என் முகத்தைப் பார்க்கவில்லை.

பதினாலாம் தேதியே கையெழுத்துப் போட்டுவிட்டேன். மராத்தியில் எழுதியதை வாசித்து இந்தியில் சொன்னார்கள், சரி என்றேன். அகிலாண்டம் இரண்டாவது பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். போலீஸ் என்னை வெளியே கூட்டி வரும்போது எதிரே வந்து நின்றாள். திட்டுவாள் என்று நினைத்தேன். "அவுகளுக்கும் ஒங்களுக்கும் ஒரே டப்பாவுலதான சோறு கட்டிக் குடுத்தேன்? ஒரு தடவ பாத்திருக்கக் கூடாதாண்ணே?" என்று மட்டும் கேட்டாள். இல்லாத குற்றத்துக்குத் தலையைக் குனிந்துகொண்டு நின்றேன். இப்போது போய் அது என் கை இல்லை என்று சொன்னால் யார் கேட்பார்கள்? கோர்ட்டில் ஒன்று, வெளியே ஒன்று பேசுகிறவன் என்பார்கள். வக்கீலும் அதையேதான் சொல்கிறார்.

என் பதிலுக்காகக் காத்திருந்ததாக எழுதியிருந்தீர்கள். சயானில் ஏறினால் வக்கீல் ஆபீஸுக்கு இரண்டாவது ஸ்டேஷன். அதற்கு ஜெயிலில் இருப்பவன் ஒப்புதல் எதற்கு? மே இருபத்தொன்பதுக்கும் ஜூன் பதினாலுக்கும் நடுவே பதினைந்து நாள் இருந்தது. குற்றத்தை ஒத்துக்கொள்வதிலும் ஒரு கையை என் தோளில் போட்டுக்கொண்டுதான் ஒத்துக்கொண்டீர்கள். ரிவிட்டை மன்னிக்கலாம், தெரியாமல் அடித்தது. இதை என்னால் முடியவில்லை.

கீதாவுக்கு நான் இன்னும் சொல்லவில்லை. அதை நீங்கள்தான் சொல்ல வேண்டும்.

ஆனால் இந்தக் கடிதம் அதற்கு இல்லை. போன வாரம் செம்பூரில் அந்த ஏஜென்சி வாசலுக்குப் போனேன். காலை டியூட்டிக்குக் காவலாளிகள் வரிசையில் நிற்கிற நேரம். உங்கள் வேலை எனக்குத் தூரத்திலேயே தெரியும். பதினோரு பேர் இடுப்பில் எண்ணினேன், பதினொன்றும் பழைய ரிவிட். முதலில் நின்றவன் கல்யாணிலிருந்து வருகிற நம்ம ஊர்க்காரன். அந்த ரிவிட் மேகசினைக் கழற்றிவிடும், உறையை மாற்று தம்பி என்றேன். அவன் என்னை உற்றுப் பார்த்தான். "நீரு அந்தக் கல்யாண் கேஸு ஆளுல்லா? மேகசின் போட மறந்துட்டேன்னு எழுதிக் குடுத்தீரே? நீரு எங்களுக்குச் சொல்லித் தாரீராக்கும்?" என்றான். வரிசை முழுக்கச் சிரித்தது. சூப்பர்வைசர் வந்து, "சல், சல்" என்று என்னைத் தள்ளிவிட்டார்.

அவர்கள் மேல் தப்பில்லை. என் வார்த்தைக்கு இனி மதிப்பு இல்லை, நானே கையெழுத்துப் போட்டு அழித்துக்கொண்டேன். அந்த உறையைச் செய்தவர் நேரே போய்ச் சொன்னால் கேட்பார்கள். இன்றைக்கும் அவன் அதைக் கட்டிக்கொண்டுதான் ஒரு வண்டியில் உட்கார்ந்து போகிறான், பக்கத்தில் ஒரு டிரைவர் ஓட்டிக்கொண்டு போகிறான்.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள், மாத்திரையை விடாதீர்கள். நிறையப் படி ஏறி இறங்க வேண்டியிருக்கும், கால் நன்றாக இருக்கட்டும்.

இப்படிக்கு
மேகசின் போட மறந்ததாகக் கையெழுத்துப் போட்ட
மாரீஸ்வரன்